முப்பத்தேழு டிகிரி

வெள்ளி, சனி, ஞாயிறு என்று சேர்ந்தாற்போல மூன்று நாள் விடுமுறை. ஆனால் விடுமுறையெல்லாம் மனிதர்களுக்குத்தான், செல்களுக்கு ஏது? தினம் ஒருமுறை பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றாவிட்டால் பட்டினி கிடந்து சுருண்டு செத்துப்போகும். அதனால் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், செல்லக்கா குடையை மடக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாள்.

செல்லக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. செல் வளர்க்கிற அக்கா, அதனால் செல்லக்கா. யாரோ கிண்டலாக ஆரம்பித்துவைத்தது. பதினெட்டு வருடத்தில் அடையாள அட்டையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அந்தப் பெயர்தான் நிலைத்தது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருந்த பழைய கட்டடம் அது. ஒரு காலத்தில் தொற்றுநோய்க்காரர்களை ஒதுக்கி வைத்திருந்த வார்டாம். நீளமான நடை, இரண்டு பக்கமும் பூட்டிய கதவுகள். கடைசியில் இருந்தது செல் அறை. தூசு வரக்கூடாதென்று அதன் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். வெளியே வெயிலா மழையா, பகலா இரவா என்று அந்த அறைக்குத் தெரியாது. விளக்கைப் போட்டால் பகல், அணைத்தால் இரவு, அவ்வளவுதான்.

உள்ளே ஸ்பிரிட் வாசனை. அதற்கு அடியில், பால் குடித்த குழந்தையின் கழுத்து மடிப்பில் வருமே, அந்த மாதிரி வெதுவெதுப்பான புளிப்பு வாசனை. மூலையில் பீரோ அளவுக்கு இன்குபேட்டர் முனகிக்கொண்டிருந்தது. வெளியே உலோகக் கதவு, அதற்குள் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே எந்நேரமும் முப்பத்தேழு டிகிரி. மனித உடம்பின் சூடு.

அதில் மூன்று தட்டுகள் உண்டு. மேல் தட்டில் நோயில்லாத ஈரலின் செல்கள். புதிதாகச் செய்கிற மருந்து நல்ல செல்லையும் கொல்கிறதா என்று பார்க்க அவைதான் சாட்சி. கீழ்த் தட்டில் ஒரு பழைய புற்றுச்செல் வகை. எதைப் போட்டாலும் சாகாது, எங்கே விழுந்தாலும் முளைக்கும். லேபில் அதை முரடன் என்பார்கள். நடுத் தட்டில் இருந்த குடுவையின் மேல் நாற்பத்தொன்று என்று மட்டும் எழுதியிருக்கும். யாருடைய கட்டி என்று எழுத விதி இடம் கொடுக்காது. ஆனால் செல்லக்காவுக்குத் தெரியும். அது அவள் தங்கையின் குடலிலிருந்து வெட்டியெடுத்த கட்டி.

தங்கை போய் மூன்று வாரம் ஆகிறது. அவள் சாம்பலாகிவிட்டாள். அவளைத் தின்ற கட்டி இங்கே கதகதப்பாக உட்கார்ந்து வேளாவேளைக்குச் சாப்பிடுகிறது. ஊட்டிவிட அக்கா வருகிறாள். தூக்கி எறிந்துவிடலாமா என்று ஒருமுறை கேட்டதற்கு, "ஐயோ, அது தங்கம் மாதிரிம்மா, கை வச்சிடாதீங்க" என்றார் பெரிய டாக்டர்.

ஏழு வருடமாக அந்த லேப் ஒரே ஒரு நொதியைப் பிடித்துக்கொண்டு உருட்டிக்கொண்டிருந்தது. இயற்கையில் அந்த நொதி ஒரு கத்தரிக்கோல். செல்லுக்குள் புகுந்தால் கண்டதையும் நறுக்கும். அதன் உருவத்தை மாற்றி, வாயை மடக்கி வைத்துவிட்டார்கள். உள்ளே போனதும் புற்றுநோயின் அடையாளம் ஒன்று இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். இருந்தால்தான் வாயைத் திறக்கும். இல்லாவிட்டால் மடங்கியபடியே கரைந்து போய்விடும். "இது கண்ணை மூடிக்கிட்டு வெட்டாது. நீ யாருன்னு கேட்டுட்டுத்தான் வெட்டும்" என்று பெரிய டாக்டர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். அதிலிருந்து அந்த மருந்துக்கு லேபில் கேட்டுவெட்டி என்றே பெயராகிவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன் பெரிய சோதனை நடந்தது. நடுத் தட்டிலிருந்தும் மேல் தட்டிலிருந்தும் கொஞ்சம் செல்களை வேறு குடுவைகளில் பிரித்தெடுத்து, அவற்றில் கேட்டுவெட்டியை ஊற்றினார்கள். மூன்று நாளில் தங்கையின் புற்றுச்செல்கள் ஒன்று விடாமல் செத்து மிதந்தன. மேல் தட்டு ஈரல் செல்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எலிகளும் பிழைத்தன. பெரிய டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார்.

மனித உடம்பில் முதலில் ஏற்றிக்கொண்டவள் தங்கை. செல்லக்காதான் போய்க் கேட்டாள், காலில் விழாத குறை. "நம்ம கையால செஞ்சதுடி, பயப்படாத" என்று தங்கையின் தலையைத் தடவினாள். மூன்றாம் நாள் தங்கையின் கண் மஞ்சளானது. ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்தது. கட்டி முன்பே ஈரலுக்குப் பரவியிருந்தது, அதுதான் காரணம் என்று எழுதி மூடினார்கள். செல்லக்காவும் அதை நம்பினாள். நம்பாவிட்டால் அடுத்த வேளைச் சாப்பாடு எப்படி இறங்கும்?

அவள் கையுறை மாட்டிக்கொண்டு இன்குபேட்டரின் வெளிக்கதவைத் திறந்தாள்.

உள்கண்ணாடி பனித்திருந்தது.

அது பனிக்காது. பனிக்கக் கூடாதென்றே கண்ணாடி ஓரத்தில் சூடேற்றும் கம்பி ஓடுகிறது. பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் பனித்ததில்லை. கம்பி போயிருக்கும், திங்கட்கிழமை மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே கிட்டத்தில் குனிந்தாள்.

பனியின் நடுவில் ஒரு கை பதிந்திருந்தது.

யாரோ போகிற போக்கில் தொட்டிருப்பார்கள். துணியை எடுத்துத் துடைத்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

அது உள்பக்கம் இருந்தது.

சின்னக் கை. இடது கை. சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாக வளைந்து தனியே நின்றது.

தங்கைக்கு ஏழு வயதில் அந்த விரல் கதவிடுக்கில் மாட்டியது. பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று திரும்பிப் பார்க்காமல் கதவை அறைந்து சாத்தியது அக்காதான். "இவளுக்கு எப்பவும் கால்ல வெந்நீர் கொட்டின அவசரம்" என்று அன்றைக்கு அம்மா திட்டியது செல்லக்காவின் காதில் இப்போதும் கேட்கும். விரல் கடைசிவரை நிமிரவில்லை.

செல்லக்கா துணியைப் போட்டுவிட்டு வெளியே ஓடியிருக்கலாம். ஆனாலும் வேலைக்காரிக்கு வேலைதான் முதலில் கையில் வரும். கண்ணாடிக் கதவைத் திறந்தாள். சூடான ஈரக்காற்று முகத்தில் அடித்தது. அதில் புளிப்பு வாசனை இல்லை. அழுகிய பழத்தின் தித்திப்பு. கடைசி இரண்டு நாளும் தங்கையின் மூச்சில் இருந்த நாற்றம் அது.

நடுத் தட்டுக் குடுவையை எடுத்தாள். அதில் இருக்கும் திரவம் ரோஜா நிறம். செல்கள் தின்று தின்று புளிக்கவைத்தால்தான் மஞ்சளாகும், அதற்கும் மூன்று நாளாவது ஆகும். நேற்றுச் சாயங்காலம்தான் மாற்றியிருந்தாள். இப்போது அது மஞ்சளாக இருந்தது. வெளிர் மஞ்சள்கூட இல்லை, தங்கையின் கண் ஆன மாதிரி அடர்ந்த மஞ்சள்.

திரவத்தை மாற்றினாள். ரோஜா நிறத்தில் திருப்பி வைத்தாள். மேசைக்கு வந்து பதிவுப் புத்தகத்தைத் திறந்து தேதி எழுதினாள், நேரம் எழுதினாள். மனம் கேட்கவில்லை. எழுந்துபோய்ப் பார்த்தாள்.

மஞ்சள்.

"அக்கா."

இன்குபேட்டரின் விசிறி முனகிக்கொண்டே இருந்தது. அந்த முனகலுக்குள்ளிருந்துதான் வந்தது.

"அது கேக்கவே இல்லக்கா."

செல்லக்கா பின்வாங்கினாள். நாற்காலி உருண்டுபோய்ச் சுவரில் மோதியது. அறையில் வேறு யாருமில்லை. அப்போது பிளாஸ்டிக் தட்டில் உரசும் சத்தம் கேட்டது, மெதுவாக, இழுத்து இழுத்து. திரும்பினால், மேல் தட்டில் பின்வரிசையில் இருந்த ஈரல் செல் குடுவை, தட்டின் விளிம்புக்கு வந்து நின்றது.

எடுத்துப் பின்னால் வைத்தாள். கதவைச் சாத்தினாள். பத்து எண்ணிவிட்டுத் திறந்தாள்.

குடுவை மறுபடியும் விளிம்பில் இருந்தது.

இன்னொரு முறை வைத்தாள். இந்த முறை கதவைச் சாத்தும் முன்பே, அவள் கண்ணெதிரே, அது நகர்ந்து வந்தது. அரை அடி தூரம். அதன் பக்கவாட்டில் ஐந்து இடத்தில் பிளாஸ்டிக் லேசாகக் குழிந்திருந்தது, யாரோ விரல்களால் பிடித்திருக்கிற மாதிரி.

"பாரு" என்றது அந்தக் குரல்.

எதைப் பார்ப்பது? பார்ப்பதற்கென்று அந்த அறையில் இருந்தது மைக்ரோஸ்கோப் ஒன்றுதான். செல்லக்கா குடுவையைக் கொண்டுபோய் அதன் அடியில் வைத்தாள். கண்ணை ஒட்டவைத்தாள்.

நோயில்லாத செல்கள் நல்ல குடித்தனக்காரர்கள் மாதிரி. பக்கத்து வீட்டு வேலி தட்டுப்பட்டால் நின்றுவிடும், மேலே ஏறாது. இங்கே ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, அதன் தோளில் இன்னொன்று ஏறி, கும்பல் கும்பலாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. இந்த முகம் அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருடமாகக் கீழ்த் தட்டில் பார்க்கிற முகம்.

முரடன்.

மேல் தட்டுக் குடுவையில் ஈரல் செல் ஒன்றுகூட இல்லை. முழுக்க முரடன்.

அவள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எடுத்தால் நினைவு வந்துவிடும் என்று பயந்தாள். எடுக்காமலே வந்தது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒருநாள். முரடனுக்குத் திரவம் மாற்றிக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள். "வலி தாங்க முடியலடி அவளுக்கு. உன்னையேதான் கேக்கறா. சீக்கிரம் வா." ஒரு செல் வகைக்கு ஒரு திரவ பாட்டில், ஒரு குடுவையில் நுழைத்த உறிஞ்சுகுழாயை இன்னொன்றில் நுழைக்கக் கூடாது. இது அந்த வேலையின் அரிச்சுவடி. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளில் செல்லக்காவே சொல்லிக்கொடுப்பது. அன்றைக்கு இன்னொரு பாட்டிலைத் திறக்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் அவளிடம் இல்லை. முரடனுக்கு ஊற்றிய பாட்டிலிலிருந்தே, அதே குழாயால், மேல் தட்டுக்கும் ஊற்றிவிட்டு ஓடினாள்.

ஒரு சொட்டு போதும். ஈரல் செல் ஆற அமர வளரும். முரடன் ஒரே நாளில் இரண்டாவான். ஒரு மாதத்தில் வீட்டுக்காரனைத் துரத்திவிட்டு வாடகைக்கு வந்தவன் குடியேறிவிட்டான். சோதனைக்கு முன்னால் குடுவையில் இருப்பது அந்தச் செல்தானா என்று வெளி லேபுக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். அதற்கு ஒரு படிவம் உண்டு. போன வருடத்து முடிவைப் பார்த்து, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். அன்றைக்கும் தங்கையை ஸ்கேனுக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது.

முரடன் வேறு வகைப் புற்று, கேட்டுவெட்டி தேடுகிற அடையாளம் அவனிடம் கிடையாது. அதனால் கேட்டுவெட்டி அவனைத் தொடவில்லை. ஈரலுக்கு ஆபத்தில்லை என்று எல்லோரும் கைதட்டினார்கள். எலியின் ஈரலிலும் அந்த அடையாளம் இல்லை போலிருக்கிறது. மனிதனின் நல்ல ஈரலில் அது இருக்கிறதா என்று அன்றைக்கு யாருமே பார்க்கவில்லை. கேட்டுவெட்டி போய்ப் பார்த்த முதல் நல்ல ஈரல் தங்கையுடையது, அதில் அந்த அடையாளம் இருந்திருக்கிறது.

தங்கையைக் கொன்றது கட்டி இல்லை. தங்கையைப் பார்க்க ஓடிய ஓட்டம்.

செல்லக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை காலை இன்னும் நான்கு பேருக்குக் கேட்டுவெட்டி ஏற்றப்போகிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"சார், மேல் தட்டு ஈரல் செல் கொஞ்சம் வேற மாதிரி தெரியுது சார்."

அந்தப் பக்கம் குழந்தைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது. "எப்படி வேற மாதிரி?"

"ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கு."

"பழசாயிருக்கும்மா. ரொம்ப நாள் வளர்த்தா அப்படித்தான் ஆகும். நீங்க இன்னும் துக்கத்துல இருக்கீங்க. லீவு நாள்ல தனியா உட்கார்ந்திருந்தா பேயும் தெரியும் பிசாசும் தெரியும். அதுல ப்ளீச்சை ஊத்திட்டு வீட்டுக்குப் போங்க. நைட்ரஜன்ல உறைய வச்சிருக்கிறத எடுத்துப் புதுசா வளர்த்துக்கலாம்."

"திங்கட்கிழமை..."

"திங்கட்கிழமைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இப்போ போயி புரளியைக் கிளப்பாதீங்க."

அவருக்குப் புரிந்ததா புரியவில்லையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. புரியாத மாதிரி பேசினார், அவளும் புரியவைக்காத மாதிரி வைத்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டு பேர் சேர்ந்தால் வேலை சுலபம்.

குடுவையில் ப்ளீச்சை ஊற்றினாள். இருபது நிமிடம் காத்திருந்து தொட்டியில் கொட்டினாள். காலிக் குடுவையைக் குப்பைப் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினாள். கதவைச் சாத்தும்போது உள்கண்ணாடியைப் பார்க்கவில்லை.

வெளியே போகிற வழி ஆஸ்பத்திரி வார்டைத் தாண்டித்தான். வராந்தா பெஞ்சில் ஆஸ்பத்திரி உடுப்பில் ஒருவர் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். திங்கட்கிழமைப் பட்டியலில் முதல் ஆள். வலது கையில் நடுவிரல் பாதிதான் இருக்கும். எஞ்சின் பெல்ட் வாங்கிக்கொண்டது மீதியை.

"ஏம்மா, நீங்கதானே லேப் அம்மா? உங்க தங்கச்சிக்கும் இதே மருந்துதான் போட்டாங்களாமே?"

"ஆமாங்க."

"அவங்க போயிட்டாங்கன்னு நர்ஸ் சொல்லிச்சு. நோவு முத்திப்போச்சாம், பாவம். எனக்கு அவ்வளவு முத்தலன்னு டாக்டர் சொல்றாரு." குரலைத் தாழ்த்தினார். "ஏத்தும்போது வலிக்குமாம்மா? வீட்ல கேட்டா சிரிப்பாங்க. உங்ககிட்டதான் கேக்கறேன்."

அவளுக்கு வாய்வரை வந்தது. வேண்டாம் ஐயா, ஓடிப்போய்விடுங்கள் என்று சொல்ல நாக்கு எழுந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் அது இன்றைக்கே அம்மாவின் காதுக்குப் போகும்.

"வலிக்காதுங்க" என்றாள்.

"அப்படியா? சரிம்மா, சந்தோஷம்." பாதி விரலோடு கையைத் தூக்கி ஆட்டினார்.

அவள் முதுகுப் பக்கம், மத்தியான வெயிலில், அழுகிய பழத்தின் தித்திப்பு வீசியது.

வீட்டில் அம்மா சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மூன்று வாரத்தில் பாதியாக இளைத்திருந்தாள். செல்லக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சாப்பிட்டுட்டுச் சொல்லு." அம்மா எதிரில் உட்கார்ந்தாள். "நானே ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன். நீ மட்டும் அந்த இடத்துல இல்லன்னா அவளுக்கு அந்த மருந்தே கெடச்சிருக்காது. உன்னால ஆனத நீ செஞ்சுட்ட. அத நினைச்சுத்தான் எனக்கு ஒரு வாய் இறங்குது. நீ என்ன சொல்ல வந்த?"

"ஒண்ணுமில்லம்மா. இன்குபேட்டர்ல கம்பி போயிடுச்சு."

அன்றைக்கு ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை. திங்கட்கிழமை காலை சொல்லிக்கொள்ளலாம், ஏற்றுவதற்கு முன்னால் சொன்னால் போதும் என்று மனம் தவணை கேட்டுக்கொண்டே இருந்தது. விடிந்தபோது அதையே முடிவென்று வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் மற்ற குடுவைகளுக்குத் தீனி வைக்க வேண்டும். செல் அறைக் கதவைத் திறந்தபோது ப்ளீச் நெடி கண்ணைக் கரித்தது.

குப்பைப் பை கட்டியபடியே இருந்தது. முடிச்சு அவிழவில்லை.

உள்ளே ஒன்றுமில்லை.

வெளிக்கதவைத் திறந்தாள். உள்கண்ணாடி வழிந்துகொண்டிருந்தது. வளைந்த சுண்டுவிரல் நேற்றைவிடத் தெளிவாக, கண்ணாடியை வெளியே தள்ளுகிற மாதிரி உள்ளங்கை வெளுத்து அழுந்தியிருந்தது. அதன் பின்னால், மேல் தட்டின் விளிம்பில், அவள் கையெழுத்தோடு, அவள் கொன்று எறிந்த குடுவை. நிறைந்திருந்தது.

மஞ்சளாக.

"அக்கா."

"சொல்றேன்டி" என்றாள் செல்லக்கா. "நாளைக்குக் காலையில கண்டிப்பா சொல்லிடறேன். அம்மா மேல சத்தியமா."

விசிறி முனகியது. முனகல் நின்றது. நின்ற அமைதியில் மிக அருகே, காது மடலில் ஈரமாக ஒரு மூச்சு பட்டது.

"நாளைக்கு?"

அந்த ஒரு சொல்லில் இருந்தது கோபம் இல்லை. அழுகை. அதுதான் அவளை உலுக்கியது. மேசைக்கு ஓடினாள். பதிவுப் புத்தகத்தில் தேதி போட்டு, பாட்டிலை மாற்றாமல் ஊற்றியதை, படிவத்தில் பொய்க் கையெழுத்துப் போட்டதை, ஈரலில் அந்த மருந்தைச் சோதிக்கவே இல்லை என்பதை, மூன்றே வரியில் எழுதினாள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினாள்.

நர்ஸ் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். "என்னக்கா, இப்படி மூச்சு வாங்குது?"

"நாளைக்குப் போடற மருந்து. நிறுத்துங்க. யாருக்கும் போடக் கூடாது."

"எந்த மருந்து, கேட்டுவெட்டியா?" நர்ஸ் துண்டில் கையைத் துடைத்தாள். "ஒரே நாள்ல நாலு பேருன்னா ஆள் பத்தாதுன்னு டாக்டர் காலையிலேயே போன் பண்ணிட்டாரே. டிரைவருக்கு மட்டும் பத்து மணிக்கே ஏத்திட்டோம்."

அவர் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "நீங்க சொன்னது சரிதாம்மா" என்றார். "கொஞ்சம்கூட வலிக்கல."

மூன்றாம் நாள் அவர் கண் மஞ்சளானது. ஐந்தாம் நாள் கட்டில் காலியானது.

மற்ற மூன்று பேருக்கும் ஏற்றவில்லை. அவர்கள் தங்கள் சொந்த நோயோடு வீட்டுக்குப் போனார்கள். இருந்த ஒரு வாய்ப்பையும் பிடுங்கிவிட்டாளே என்று அவர்களில் ஒருவரின் மனைவி செல்லக்காவைச் சபித்துவிட்டுப் போனாள். ஒரு பணியாளரின் கவனக்குறைவு என்று பெரிய டாக்டர் அறிக்கை எழுதினார். அதில் பொய் என்று ஒரு வரியைக்கூடக் காட்ட முடியாது, சனிக்கிழமை வந்த ஒரு போனைப் பற்றி எழுதவில்லை, அவ்வளவுதான். செல்லக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். வீட்டில் அவளே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா திட்டவில்லை, அழவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

ஒரு மாதம் கழித்து, சாவியைத் திருப்பிக் கொடுக்க வரச்சொன்னார்கள். காலை பதினொரு மணி. காவலாளி நடையின் முனையிலேயே நின்றுகொண்டான். "நீங்களே போயி பார்த்துட்டு வாங்கக்கா. எல்லாத்தையும் காலி பண்ணிட்டாங்க. அந்த ரூமுக்கு இப்போ கரண்டே கிடையாது."

செல் அறை இருட்டாக இருந்தது. செல்பேசி வெளிச்சத்தில் உள்ளே போனாள். மேசைகள் வெறுமையாக இருந்தன. மைக்ரோஸ்கோப் இல்லை. இன்குபேட்டரை மட்டும் எடுத்துப்போக ஆள் வரவில்லை போலிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, அதன் தலைமேல் வைத்திருந்தார்கள். சுருளின் மேல் தூசு படிந்திருந்தது.

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாள். உலோகக் கதவில் உள்ளங்கையை வைத்தாள்.

சூடாக இருந்தது.

பதினெட்டு வருடம் அதற்குள் கைவிட்டு எடுத்தவளுக்குத் தெர்மாமீட்டர் வேண்டியதில்லை. சரியாக எத்தனை டிகிரி என்று கை சொன்னது.

திறந்தாள். உள்கண்ணாடி முழுக்கப் பனித்திருந்தது. இடது பக்கம் சின்னக் கை, சுண்டுவிரல் வளைந்து. சொல்லிவிட்டேனே, இன்னும் என்னடி என்று கேட்க வாயெடுத்தவள், அதன் பக்கத்தில் பார்த்தாள்.

இன்னொரு கை இருந்தது. பெரிய கை, அகலமான உள்ளங்கை, ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல்கள். நீர் இன்னும் வழியவில்லை, இப்போதுதான் வைத்த மாதிரி.

அதில் நடுவிரல் பாதிதான் இருந்தது.